தழும்பும் புண்ணும்

ஓசூர்ப் பஸ் நிலையத்தை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். ரோஜாக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு பெங்களூர் வண்டிக்குக் காத்திருக்கும் வியாபாரிகள் ஒரு பக்கம். காலை ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளிகள் மற்றொரு பக்கம். டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கெட்டிலில் கொதிக்கும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. கையில் ஒரு துணிப்பை, கோடையிலும் முழுக்கைச் சட்டை, நடையில் அவசரமில்லை. டீ குடிக்கலாமா வேண்டாமா என்று கடைவாசலில் நின்று யோசிப்பார்கள். பாதி டம்ளர் வாங்கிக் குடிப்பார்கள். அவர்களுக்குக் குடிநீரும் அளவுதான். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை ரத்தத்தை யந்திரத்தில் சுத்தி செய்துகொள்ளப் போகிறவர்கள் அவர்கள்.

அந்த மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் எனக்கு நண்பர். லேத் பட்டறைக்காரர். என் நாவல் ஒன்றில் கதாநாயகன் லேத் ஓட்டுகிற கட்டத்தைப் படித்துவிட்டு, "நீங்கள் எழுதியபடி ஓட்டினால் அவன் விரல் போயிருக்கும்" என்று ஒரு தபால் கார்டு எழுதினார். அப்படி ஆரம்பித்த சிநேகம் இது. ஒரு நாள் சட்டைக் கையை மடக்கி, இடது முன்கையில் கயிறுபோலப் புடைத்திருந்த ரத்தக் குழாயின்மேல் என் விரலை வைத்தார். உள்ளே ஏதோ சீறிக்கொண்டு ஓடிற்று.

"தொட்டுப் பாருங்க சார், மோட்டார் ஓடுது" என்றார் சிரித்துக்கொண்டே.

தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து டாக்டர்கள் உண்டாக்கிய வழி அது. அதில் இரண்டு ஊசி குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை எடுத்து, யந்திரத்தில் சலித்து, மற்றொன்றின் வழியாகத் திருப்பி விடுகிறார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். சுமார் 120 லிட்டர் தண்ணீர். நம் உடம்பில் முதுகுப் பக்கம் ஒளிந்துகொண்டு இரவும் பகலும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிற இரண்டு சிறுநீரகங்களுக்கு நாம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானது 2012ல். தம்முடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கத் தாயார் உடனே முன்வந்தார். ரத்த வகை பொருந்திற்று. எல்லாம் கூடிவரும் சமயத்தில், 2013ல், ஒரு பரிசோதனைச் சீட்டு வந்தது. ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் வியாதியின் கிருமி அவர் ரத்தத்தில் இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. அவர் போய்வந்த இடத்தில்தான் அது தொற்றியிருக்க வேண்டும். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். "இதை வைத்துக்கொண்டு ஆப்பரேஷன் முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய கட்டிலும் மாறிற்று. அறைக் கோடியில், "சி" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிய கட்டில்.

அந்த ஓர் எழுத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் யந்திரத்தின் கதை. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, ஜெர்மானியரின் பிடியிலிருந்த ஹாலந்து தேசத்தில், காம்ப்பன் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற வாலிப டாக்டர் இருந்தார். சாமான் கிடைக்காத காலம். இறைச்சிக் கடையில் கொத்துக்கறியை அடைக்கும் மெல்லிய செல்லோஃபேன் உறையை எடுத்தார். மரச் சட்டத்தால் செய்த உருளையைச் சுற்றி அதைச் சுற்றினார். உப்புநீர்த் தொட்டியில் அந்த உருளையைச் சுழலவிட்டார். உறைக்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டார். 1943ல் இது நடந்தது. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். கோல்ஃப் சலிக்கவில்லை. 1945ல் நினைவிழந்து கிடந்த 67 வயது மாது ஒருவர் அந்த யந்திரத்தால் கண் திறந்தார். செயற்கைச் சிறுநீரகம் பிழைக்க வைக்கும் என்பது நிச்சயமாயிற்று.

ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. வெட்டுவதற்குக் குழாய் மிஞ்சும்வரைதான் உயிர். 1960ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் இதற்கு வழி கண்டார். டெஃப்ளான் குழாய் ஒன்றைக் கையில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டார். அதை முதலில் அணிந்தவர் கிளைட் ஷீல்ட்ஸ். போயிங் விமானத் தொழிற்சாலையில் யந்திரத் தொழிலாளி. அதன் பிறகு அவர் 11 ஆண்டு வாழ்ந்து 1971ல் காலமானார். இதை நான் சொன்னபோது என் நண்பர் வேறொன்றும் கேட்கவில்லை, "அவரும் மெஷினிஸ்டா சார்?" என்று மட்டும் கேட்டார்.

யந்திரம் வந்தவுடன் அதோடு ஒரு தர்மசங்கடமும் வந்தது. சியாட்டிலில் 1962ல் செயற்கைச் சிறுநீரக நிலையம் திறந்தார்கள். இடம் சிலருக்குத்தான்; வேண்டியவர்களோ பலர். யாருக்குக் கொடுப்பது? ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேரைக் கொண்ட ஒரு குழுவை நியமித்தார்கள். பாதிரியார் ஒருவர், வக்கீல் ஒருவர், பாங்கி அதிகாரி ஒருவர், குடும்பத் தலைவி ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் என்று அதில் இருந்தார்கள். மனுச் செய்தவருக்கு எத்தனை குழந்தை, என்ன வருமானம், ஊருக்கு என்ன நன்மை செய்திருக்கிறார் என்றெல்லாம் பார்த்து உயிர்ப்பிச்சை வழங்கினார்கள். அந்த ஆண்டே 'லைஃப்' பத்திரிகை இதை வெளியிட்டது, நாடே அதிர்ந்தது. 1972ல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றிச் செலவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் குழுவுக்கு வேலையில்லாமல் போயிற்று.

சிறுநீரக வைத்தியத்தோடு கூடவே பிறந்தது, "யார் தகுதி உடையவர்?" என்ற கேள்வி. அது ஒழியவில்லை, உருவம் மாறிக்கொண்டே வந்தது.

மாற்றுச் சிறுநீரகத்தின் கதையும் அதே காலத்தது. 1954 டிசம்பர் 23ந் தேதி பாஸ்டன் நகரத்தில் டாக்டர் ஜோசப் மர்ரே, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார். ஒரே கருவில் பிரிந்தவர்கள். ஆகையால் உடம்பு ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு வைத்தால் உடம்பு அதை அந்நியன் என்று எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பின்னால் வந்தன. நம் நாட்டில் 1965ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஒரு முயற்சி நடந்தது. நோயாளி நெடுநாள் பிழைக்கவில்லை. 1971ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மோகன் ராவும் டாக்டர் ஜானியும் சேர்ந்து செய்தது வெற்றி பெற்றது. டயாலிசிஸ் என்பதையும் அந்த ஆஸ்பத்திரி 1960களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எதிர்த்திசையில் பெங்களூர் 40 கிலோமீட்டர். எல்லைச் சீமைக்காரர்களுக்கு வைத்தியம் எப்போதும் இந்த இரண்டு பக்கத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. உள்ளூரில் கிடைத்ததெல்லாம் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி.

இனிக் கிருமியின் கதை. சிறுநீரகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரத்தத்தில் சிவப்பு அணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்புகிற ஒரு சத்து அதிலிருந்துதான் சுரக்கிறது. எரித்ரோபாய்டின் என்று அதற்குப் பெயர். சிறுநீரகம் கெட்டால் அந்த உத்தரவு நின்றுவிடும், நோயாளி வெளுத்துப்போவார். ஆகையால் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அடிக்கடி பிறர் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படி ஏற்றிய ரத்தத்தோடு, பெயர் தெரியாத விருந்தாளி ஒருவனும் வந்தான்.

1965ல் பாருக் பிளம்பர்க் கண்டதை ஒட்டி ஹெபடைடிஸ் பி கிருமியை அடையாளம் காண முடிந்தது. 1970களில் ஹெபடைடிஸ் ஏ கிருமியும் தெரிந்துவிட்டது. ஆயினும் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்வி ஆல்ட்டர் என்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டும் இல்லாமலே ஈரல் கெட்டது. "ஏ அல்ல, பி அல்ல" என்பதே அந்த வியாதிக்குப் பெயராயிற்று. 1989ல் மைக்கேல் ஹௌட்டனும் அவருடன் உழைத்தவர்களும் சி வைரஸைக் கண்டுபிடித்தார்கள். வியாதிக்கு அந்த ஒரு கிருமியே போதும் என்று 1997ல் சார்லஸ் ரைஸ் நிரூபித்தார். ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1989ல் தான் எரித்ரோபாய்டினை மருந்தாகச் செய்து விற்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திருடனை அடையாளம் கண்ட வருஷத்திலேயே அவன் நுழைந்த கதவையும் சாத்த வழி பிறந்தது எனலாம். நம் நாட்டில் தானம் பெறும் ரத்தத்தையெல்லாம் இந்தக் கிருமிக்காகப் பரிசோதிப்பது 2001ல் கட்டாயமாயிற்று.

முன்கதவு சாத்தியாகிவிட்டது. ஆனால் பின்கதவு ஒன்று இருந்தது. யந்திரத்துக்குள் இருக்கும் சல்லடையைத் தாண்டி இந்த வைரஸ் போவதில்லை. அது கிழியாதிருந்தால் போதும். கிருமி பயணம் செய்வது கையில். ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடுவது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தை ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பது, ரத்தத் துளி பட்ட கட்டில் சட்டத்தைத் துடைக்காமல் விடுவது - இவை போதும். காய்ந்த துளியில்கூட அது பல நாள் உயிரோடிருக்கும். வருஷத்துக்கு 156 தடவை யந்திரத்தில் ஏறி இறங்குகிற மனிதனுக்கு, 155 தடவை கை சுத்தமாக இருந்து ஒரு தடவை இல்லாமற் போனால் என்ன ஆகும்? என் நண்பர் சீட்டில் வந்த அந்த ஓர் எழுத்து அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

வந்த கிருமி ஆரவாரம் செய்யாது. நூறு பேரில் சுமார் 70 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். இருபது, முப்பது ஆண்டு சத்தமில்லாமல் ஈரலைத் தழும்பாக்கிச் சுருக்கும். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் என்ஸைம்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்றால், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த அளவு பொதுவாகவே தாழ்ந்திருக்கும். சீட்டில் எல்லாம் சரி என்று இருக்கும். உள்ளே வீடு எரிந்துகொண்டிருக்கும்.

இப்போது, "ஆப்பரேஷன் முடியாது" என்றவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்க வேண்டும். காவல்காரனைத் தூங்கவைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்; கிருமி பெருகும்; ஈரல் வேகமாகக் கெடும்; சர்க்கரை வியாதி வரும்; புதிய சிறுநீரகத்தையே கிருமி தாக்குவதும் உண்டு. சரி, முதலில் கிருமியை ஒழித்துவிட்டு வைக்கலாமே என்றால், அந்நாளில் இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. அது காவல்காரனைத் தட்டி எழுப்புகிற மருந்து. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு கொடுத்தால், எழுந்த காவல்காரன் புதிய சிறுநீரகத்தையே அந்நியன் என்று அடித்துத் தள்ளிவிடுவான். ஆகையால் முன்னாலேயே கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளோ அதைத் தாங்குவதே கஷ்டம். தாங்கினாலும் மூவரில் ஒருவருக்குக் குணமானால் அதிகம். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரிபாவிரின் சிவப்பு அணுக்களை உடைக்கும். சிறுநீரகம் இல்லாதவர் உடம்பில் தேங்கி நின்று இன்னும் அதிகமாக உடைக்கும். டாக்டர்கள் தயங்கியது கல்நெஞ்சத்தால் அல்ல. ஆனால் அந்த நாளிலேயே ஆராய்ச்சிகள் ஒன்றைக் காட்டின: கிருமி உள்ளவர்களிலும், டயாலிசிஸிலேயே நின்றுவிட்டவர்களைக் காட்டிலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களே அதிக நாள் வாழ்ந்தார்கள். மறுப்பதுதான் பத்திரம் என்பது உண்மையில் பத்திரமாக இல்லை.

என் நண்பருக்கும் வாரம் ஓர் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இரவெல்லாம் குளிர்ஜுரம். தலைமயிர் கொட்டிற்று. நாலாவது மாதத்தில், "சாவதானால் லேத்துக்கிட்டயே சாகிறேம்மா" என்று தாயாரிடம் சொல்லிவிட்டாராம். ஊசியை நிறுத்தினார்கள். கிருமி போகவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு தடவை அவர் என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். அவர் போன பிறகு, அந்த டம்ளரை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தேன். மறதியாக எதையோ எடுக்கத் திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது பையிலிருந்து தம்முடைய சொந்த டம்ளரை எடுத்து வைத்தார். எத்தனையோ கதைகளில் தீண்டாமையைக் கண்டித்து எழுதியிருக்கிறேன். இந்தக் கிருமி ரத்தத்தால் பரவுமே அல்லாமல் டம்ளராலோ, தட்டாலோ, தொடுவதாலோ பரவாது என்று ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை. சிவப்பு மையில் "சி" என்று எழுதியது ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டுமல்ல.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. காவல்காரனைத் தொந்தரவு செய்யாமல், கிருமி தன்னைப்போல் பிரதி எடுக்கும் யந்திரத்தையே முடக்குகிற மருந்து அது. ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். கேட்டவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். 2014 செப்டம்பரில் அந்தக் கம்பெனி இந்திய மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்குச் செய்துகொள்ள அனுமதி கொடுத்தது. 2015ல் இங்கே செய்த மாத்திரை கடைக்கு வந்தது. வெளிநாட்டு விலையில் அது ஒரு சிறு துளிதான். 2018 ஜூலை 28ந் தேதி இந்திய அரசு தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்து, மருந்தை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சோஃபோஸ்புவிர் செரித்த பிறகு மிஞ்சுவது சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகமே இல்லாதவர் என்ன செய்வார்? முதலில் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் பலர் கைவசம் வேறு மருந்து இல்லாத நிலையில் எச்சரிக்கையோடு கொடுத்துப் பார்த்தார்கள், குணமாயிற்று, கேடு பெரிதாக இல்லை. மற்ற நாடுகளிலும் அதே அநுபவம். 2019ல் அமெரிக்காவில் அந்தத் தடையை நீக்கினார்கள். இதற்கிடையில் ஈரல் வழியாகவே வெளியேறும் வேறு மாத்திரைகளும் வந்துவிட்டன. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

என் நண்பர் 2016ல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார். ஜுரமில்லை, மயிர் கொட்டவில்லை. அதற்குப் பின் 12 வாரம் கழித்துப் பார்த்ததில் ரத்தத்தில் கிருமி இல்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே தாயாருக்குச் சர்க்கரை வியாதி கண்டிருந்தது. அவரிடமிருந்து சிறுநீரகத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "நான் மூணு வருஷம் முன்னாலே கொடுத்திருப்பேனே, கண்ணு" என்று அந்த அம்மாள் சொன்னாளாம்.

இங்கே இந்தச் சீமையின் பழைய சரித்திரம் ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்கள் அதில் அடங்கியவை. அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டரானார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் ஏழு ஆண்டு தங்கினார். கிராமத்தை மொத்தமாகப் பார்த்து, "இது நல்ல ஊர், இது மோசமான ஊர்" என்று வரி போடுவது எளிது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயல் வயலாக அளந்தார்கள். இந்த வயலில் மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு, உழுகிறவன் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ரயத்துவாரி முறை அப்படித்தான் பிறந்தது. வரி கடுமையாக இருந்தது என்பதும் உண்மை. கால்வாசி குறைக்க வேண்டும் என்று மன்றோவே பின்னால் எழுதினார். ஆனால் அளக்கிற முறை சரி. ஊரின் பேரைப் பார்த்து முடிவு கட்டாமல், வயலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஹெபடைடிஸ் சி உள்ள டயாலிசிஸ் நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்ப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும். "சி" என்பது ஊரின் பேர். வயல் வேறு.

முதல் வயல் ரத்தம். சாதாரணப் பரிசோதனை காட்டுவது கிருமியை அல்ல. கிருமியோடு உடம்பு போட்ட சண்டையின் அடையாளத்தை. எதிர்ப்பொருள் என்கிறார்கள். கிருமி செத்துச் சாம்பலான பின்னும் அது பல ஆண்டு ரத்தத்தில் இருக்கும். கிருமியே இருக்கிறதா என்று காட்டுவது ஆர்.என்.ஏ. பரிசோதனை. முன்னது தழும்பு, பின்னது புண். தழும்பைப் பார்த்துப் புண் என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோமோ! அதே சமயம், குணமானவருக்கும் டயாலிசிஸில் மறுபடி தொற்றலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆர்.என்.ஏ.யைப் பார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது வயல் ஈரல். அது எவ்வளவு தழும்பேறி இறுகியிருக்கிறது? 1958ல் இத்தாலிய வைத்தியர் மெங்கினி ஒரு நொடியில் ஊசியால் ஈரலில் துணுக்கு எடுக்கும் முறையைக் கண்டார். டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தம் எளிதில் உறையாது. ஊசி குத்தப் பயந்தார்கள். 2003ல் பிரான்ஸிலிருந்து ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி வந்தது. விலாவில் லேசாக ஒரு தட்டு. அந்த அதிர்ச்சி ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற வித்தைதான்; யந்திரம் மட்டும் புதிது.

மூன்றாவது வயல், ஈரல் இறுகியிருந்தால் அதற்குப் பின்னால் உள்ள கதை. இறுகியும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறதா, அல்லது வயிற்றில் நீர் கட்டி, உணவுக் குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்து நிலைகுலைந்துவிட்டதா? ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறாதவரை, சிறுநீரகத்தை மட்டும் வைக்கலாம். நிலைகுலைந்துவிட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த இடத்தில்கூட விடை "முடியாது" என்பதல்ல. "வேறு வழி" என்பதுதான்.

நாலாவது வயல் காலம். கிருமியை முன்னால் ஒழிப்பதா, பின்னால் ஒழிப்பதா? தாயாரோ தமக்கையோ கொடுக்கத் தயாராக இருந்தால், 12 வார மருந்தை முன்னாலேயே கொடுத்து முடித்துவிடலாம். அவசரமானால் முதலில் சிறுநீரகத்தை வைத்துவிட்டு மருந்தைப் பின்னால் கொடுக்கவும் செய்கிறார்கள். இறந்தவர் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் விஷயம் வேறு. கிருமி உள்ள ஒருவர் இறந்து அவருடைய சிறுநீரகம் கிடைத்தால், ஏற்கனவே கிருமி உள்ளவருக்கு அதை வைத்து, இருவர் கிருமியையும் ஒரே மருந்தால் ஒழித்துவிடலாம். ஆகவே அமெரிக்காவில் சிலருக்கு மருந்தை வேண்டுமென்றே ஒத்திப்போட்டார்கள். அங்கேயே பென்சில்வேனியாவில் ஒரு படி மேலே போனார்கள். கிருமியே இல்லாத பத்து நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, கிருமி உள்ள சிறுநீரகத்தை வைத்து, உடனே மாத்திரை கொடுத்துப் பத்துப் பேரையும் குணப்படுத்தினார்கள். 2017ல் அது வெளியாயிற்று. ஒரு காலத்தில் நோயாளியைத் தள்ளுவதற்குக் காரணமாக இருந்த கிருமி, இப்போது சிறுநீரகத்தைக்கூடத் தள்ளுவதற்குக் காரணமில்லை.

இவ்வளவும் தெரிந்த காலத்தில் என் நண்பர் எங்கே இருந்தார் தெரியுமா? அதே கோடிக் கட்டிலில். 2016ல் கிருமி ஒழிந்துவிட்டது. ஆனால் வழக்கப்படி செய்யும் பரிசோதனையில் ஒவ்வொரு தடவையும் தழும்பு தெரிந்தது. தெரிந்ததும் "சி" என்று எழுதினார்கள். இந்த எழுத்து உள்ளவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது என்று அவரும் நம்பினார். பட்டியலில் பெயர் கொடுக்கவே இல்லை. 2021ல் வேறோர் ஊர் டாக்டரம்மா பழைய சீட்டுகளை எல்லாம் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது குணமாகி ஐந்து வருஷமாச்சே! ஏன் பதிவு பண்ணலை?" என்று கேட்டாராம். ஐந்து ஆண்டுகள்! யாரும் அவரை மறுக்கவில்லை. யாரும் அவரை அளக்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் இறந்தவர் உறுப்பைப் பெற்று வழங்கும் ஏற்பாடு 2008 முதல் ஒழுங்காக நடக்கிறது. அந்த ஆண்டு ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தது ஊரறிந்த விஷயம். ஏழைகளின் செலவை அரசு காப்பீடு ஏற்கிறது. கர்நாடகத்தில் பட்டியல் வேறு. ஜூஜூவாடியைத் தாண்டினால் மாநிலம் வேறு, பட்டியலும் வேறு. இருப்பிடச் சான்று கேட்கும் நிபந்தனையை விட்டுவிடும்படி 2023ல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. எல்லைச் சீமைக்காரர்களுக்கு இது வெறும் காகிதச் செய்தி அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ந் தேதி, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிற்று. வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தி செய்துகொள்கிறவர்களுக்கு அந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு கொடுப்பதும் அதில் ஓர் அம்சம். அந்த முறையில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வருவதில்லை. பிறர் ரத்தத் துளியோடு கலக்கும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. கிருமி வந்த பிறகு அளப்பதைவிட, வராமல் காப்பது மேல் அல்லவா? தனிக் கட்டிலும் தனி யந்திரமும் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சர்வதேச வழிகாட்டிகள் இந்தக் கிருமி விஷயத்தில் தனி யந்திரத்தைவிட முக்கியமாகச் சொல்வது, ஒருவரை விட்டு அடுத்தவரிடம் போகுமுன் கையுறையை மாற்று, கையைக் கழுவு என்பதைத்தான்.

என் நண்பர் இப்போது பட்டியலில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் அந்த விடியற்காலைப் பஸ். டெலிபோனைப் பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார். லேத் ஓடும் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று, சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிற நாளும் உண்டு. போன மாதம் வீட்டுக்கு வந்தார். நான் காப்பியை எங்கள் வீட்டு டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்தேன். அவர் பைக்குள் கையை விட்டார், பிறகு எடுத்துவிட்டார். பாதி டம்ளர் குடித்தார். மீதியைக் குடிக்க அவருக்கு அளவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது அவர்களைச் சேர்ந்தவர்களுக்காவது, சீட்டில் இந்த எழுத்து இருந்தால், ஒரே ஒரு கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள்: "இது தழும்பா, புண்ணா?" புண் என்றால் ஆற்ற மருந்து இருக்கிறது, மூன்று மாதந்தான். தழும்பு என்றால், அடுத்த வயலை அளக்கச் சொல்லுங்கள். தாயார் காத்திருக்கலாம்; ஆனால் தாயாரின் உடம்பு காத்திருக்காது.